ஆமாம் என்று கேட்ட மூச்சு

ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் மனிதர்களுக்குக் காது அடைத்துப்போய்விடும் போலிருக்கிறது. கிளம்பும்போது நான் தெளிவாகத்தான் சொன்னேன். தடத்தை விட்டு இறங்கக் கூடாது. முன்னால் போகிறவரின் பின்விளக்கு எப்போதும் கண்ணில் பட வேண்டும். படம் எடுப்பதென்றால் நாங்கள் நிறுத்துகிற இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். இலோன்கா என்ற ஹங்கேரிக்கார அம்மாள் மற்றவர்களைவிட வேகமாகத் தலையாட்டினார். அவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறவர்களை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் என் மனைவி ஸ்வாவாவும் இந்த ரெய்க்யானெஸ் தீபகற்பத்தின் கரையோரமாக வெளிநாட்டுக்காரர்களை நாலு சக்கர பைக்கில் கூட்டிப்போகிறவர்கள். ஸ்வாவா முன்னால் வழிகாட்டிப் போவாள். நான் கடைசி ஆள். கடைசி ஆளுக்கு என்ன வேலை என்றால், விழுகிறவர்களைத் தூக்கிவிடுவது, நின்றுபோகிற வண்டியைக் கிளப்பிக் கொடுப்பது, தடத்தை விட்டு இறங்குகிறவர்களைத் திட்டுவது. எரிமலைக் குழம்பு உறைந்த இந்தப் பாறைகளின் மேல் மெத்தை மாதிரி வளர்ந்திருக்கிற பாசியில் ஒரு டயர் ஏறி இறங்கினால் அந்தத் தழும்பு ஒரு ஆயுசுக்கும் போகாது. அதனால் திட்டுவதை மட்டும் நான் மனதாரச் செய்வேன்.

அன்றைக்கு எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உண்மையைச் சொன்னால் பேச்சுவார்த்தை நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊருக்கு அடியில் பூமி பிளந்து, வீட்டின் நடு அறையில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் ஓடிய பிறகு, ஸ்வாவாவின் அக்கா வீட்டு நிலவறையில் குடியிருக்கிறோம். வடக்கே போய்ப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று அவள் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. போக விருப்பமில்லையா என்று கேட்டாள். அதற்கும் சொல்லவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் வீட்டைப் பற்றித்தான் பேச்சு வரும், வந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் நேராகவே கேட்டுவிட்டாள். நாம் சேர்ந்திருப்பதா, முடித்துக்கொள்வதா, சாயங்காலத்துக்குள் ஒரு பதில் வேண்டும் என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். என் பதில் எனக்குத் தெரியும். முடித்துக்கொள்வதா? அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் அந்த நேரம் பார்த்து ஹெல்மெட்டுகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பயணத்துக்கு வந்தவர்கள் நான்கு டச்சுக்காரர்கள், ஒரு ஸ்பானிய ஜோடி, இந்த இலோன்கா அம்மாள். அறுபது வயதிருக்கும், குள்ளமான உருவம், நகராட்சி வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம். நாங்கள் கொடுத்த சிவப்பு மழையுடுப்பு அவருக்கு இரண்டு ஆள் அளவு பெரிதாக இருந்தது. முதல் நிறுத்தத்தில் காய்ந்த மீனும் வெண்ணெயும் கொடுத்தபோது என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, கவலையோடு விசாரித்தார்.

"தம்பி, உங்களுக்கு ஆஸ்துமா ஏதாச்சும் இருக்கா?"

இல்லையே, ஏன் என்று கேட்டேன். ஸ்வாவா ரேடியோவில் ஏதோ கேட்கும்போதெல்லாம் நான் மூச்சுத் திணறுகிற மாதிரி சத்தம் போடுகிறேனாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் நாட்டில் பாதிப் பேர் 'ஆமாம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேதான் சொல்வோம். வார்த்தை சரியாகக்கூட வெளியே வராது, 'ஹ்ஹ' என்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். எல்லாரும் வந்தாச்சா என்று ஸ்வாவா கேட்பாள், நான் ஒரு இழுப்பு இழுப்பேன், அவள் வண்டியைக் கிளப்புவாள். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சே அந்த இழுப்புதான். இதை விளக்கிச் சொன்னதும் இலோன்கா அம்மாள் தானும் இழுத்துப் பார்த்துவிட்டு, இருமினார்.

அதற்குப் பிறகு கடலில் இருந்து மூடுபனி ஏறியது. இந்தக் கரையில் அது வருவதை யாரும் பார்ப்பதில்லை, வந்துவிட்ட பிறகுதான் தெரியும். ஒரு பக்கம் கறுப்புப் பாறை, மறு பக்கம் கீழே எங்கோ அலைச் சத்தம், முன்னால் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான் மிச்சம். ஸ்வாவா வேகத்தைக் குறைத்தாள். அடுத்த நிறுத்தம் கலங்கரை விளக்கம், அங்கே போய்க் காபி குடிக்கலாம் என்று எல்லோருக்கும் சொன்னாள்.

கடைசி வளைவுக்கு முன்னால், எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த இலோன்கா அம்மாளின் விளக்கு திடீரென்று இடது பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது. இறங்கி மறைந்தும் போனது. அலை பாறையில் மோதி உயரே எழும்பியதாம், மூடுபனிக்குள் அது அவ்வளவு அழகாக இருந்ததாம், ஒரே ஒரு படம் எடுக்கலாம் என்று நினைத்தாராம். இதெல்லாம் அவர் பிறகு சொன்னது. நான் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே கீழே இறங்கினேன். நிற்கிறேன் என்று ஸ்வாவாவிடம் ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாள் அது, சொல்லவில்லை.

தண்ணீருக்குப் பக்கத்தில் அகலமான ஒரு பாறைத் திட்டு. அதன் ஓரத்தில் அவருடைய பைக் சரிந்து, ஒரு சக்கரம் காற்றில் தொங்க நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கைப்பேசி ஏற்கெனவே கடலுக்குப் போயிருந்தது. விடுங்கம்மா, விலகுங்க என்று கத்திக்கொண்டே போய் அவரைத் தள்ளிவிட்டு, வண்டியின் முன்கம்பியைப் பிடித்தேன். ஈரப் பாறையில் என் வலது கால் வழுக்கி ஒரு வெடிப்புக்குள் தொடை வரை இறங்கியது. அதே நேரத்தில் வண்டி புரண்டு என் மேல் விழுந்தது.

விழுந்த அந்தக் கணத்தில்தான் ஹெல்மெட்டுக்குள் ஸ்வாவாவின் குரல் வந்தது. எங்கள் மொழியில் பேசினாள், மற்றவர்களுக்குப் புரியாது என்ற தைரியம். முகம் பார்க்காமல் கேட்பது அவளுக்கும் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

"ஊல்வர், காலையில கேட்டதுதான். முடிச்சுக்கலாமா? ஒரே வார்த்தை சொல்லு, போதும்."

வண்டியின் கம்பி வெளியே மடங்கிக் கிடந்த என் இடது முட்டியின் மேல் இறங்கியதில் எலும்பு முறிந்தது. என் தொண்டை தானாகவே காற்றை உள்ளே இழுத்தது. 'ஹ்ஹ' என்று, நீளமாக, சுத்தமாக ஒரு இழுப்பு. அடுத்த கணம் நெஞ்சில் மாட்டியிருந்த ரேடியோ பாறையில் அடித்து உடைந்தது. இருந்தாலும் ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் மட்டும் இன்னொரு தடவை வந்தது.

"சரி. சொன்னதுக்கு நன்றி."

வலி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்குள் ஒரு ஆளுக்குப் புத்தி வேலை செய்யத்தான் செய்கிறது. நடந்தது என்ன என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்வாவா என்று கத்தினேன். இல்லை, இல்லை, இல்லை என்று உடைந்துபோன ரேடியோவைப் பார்த்துக் கத்தினேன். மேலே என்ஜின் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் அலைச் சத்தம் மட்டும் இருந்தது. இவ்வளவு பெரிய கேள்விக்கு ஒரு இழுப்பைப் பதிலாக எடுத்துக்கொண்டு போக எங்கள் ஆட்களால்தான் முடியும். வேறு எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும், என்ன ஆச்சு, ஏன் மூச்சு வாங்குது என்று கேட்டிருப்பாள்.

இலோன்கா அம்மாள் என் மேல் கிடந்த வண்டியைத் தூக்கப் பார்த்தார். அசையவில்லை. ஒரு கல்லைக் கீழே செருகி நெம்பிப் பார்த்தார். வண்டி அசைந்து, திரும்ப என் முட்டியிலேயே உட்கார்ந்தது. எனக்குக் கண் இருட்டியது. கெட்ட வார்த்தையில் திட்டினேன், எங்கள் மொழியில்தான். திட்டினது புரிந்துதான் இருக்கும். அவர் கல்லைத் தூக்கித் தூர எறிந்தார்.

மேலே நிற்கிற என் பைக்கில் வண்டியைக் கட்டி இழுக்கிற வின்ச் இருக்கிறதே, அதை ஓட்டி வரட்டுமா என்று கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் சாவி என் வலது தொடைப் பையில். வலது தொடை வெடிப்புக்குள். கையை விட்டுப் பார்த்தேன், விரல் நுனிகூடப் போகவில்லை. சாவி இல்லாமல் அந்த வண்டியில் விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை. என் கைப்பேசி கவிழ்ந்த வண்டிக்கு அடியில் எங்கோ நசுங்கிக் கிடந்தது. வாடிக்கையாளர்களின் ஹெல்மெட்டில் கேட்க முடியும், பேச முடியாது. எங்கள் ஏற்பாடு அப்படி. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் யோசித்து முடித்த பிறகு, முதல் அலை திட்டின் மேல் ஏறி என் இடுப்பை நனைத்துவிட்டுத் திரும்பியது. கடல் ஏறுகிற நேரம்.

அலையை அவரும் பார்த்தார். 

"தண்ணி மேல வருதா?"

வருகிறது என்றேன். எவ்வளவு தூரம் வரும் என்று கேட்டார். நான் எனக்குப் பின்னால் இருந்த பாறையைக் காட்டினேன். கடல் பாசி படிந்த கோடு என் தலைக்கு மேலே இருந்தது. 

கலங்கரை விளக்கத்துக்கு நடந்தே ஓடுகிறேன் என்றார். இந்த மூடுபனியில் தடத்தை விட்டு ஒரு அடி விலகினால் பாசிக்கு அடியில் வெடிப்பு எங்கே இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. சரியாக நடந்து போய்ச் சேர்ந்தாலும், அவர் போய் ஆள் கூட்டி வருவதற்குள் என் மூக்குக்கு மேல் தண்ணீர் போயிருக்கும். இதைச் சொன்னேன். அப்படியானால் நடந்து பிரயோஜனம் இல்லை என்று, வரி பாக்கி வைத்தவனிடம் பேசுகிற குரலில் முடிவு சொன்னார். மேலே ஏறிப் போய், சிவப்பு மழையுடுப்பைக் கழற்றி, தடத்தின் குறுக்கே விரித்து, நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு வந்தார். வரும்போது உடம்பில் ஒரு கம்பளிச் சட்டைதான் இருந்தது. பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

மேலேயே நில்லுங்க, இங்க வராதீங்க என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. இறங்கி வந்து என் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, என் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். தண்ணீர் என் வயிறு வரை வந்து தங்க ஆரம்பித்திருந்தது. குளிர் ஒரு விதத்தில் நல்லதாக இருந்தது, முட்டியின் வலி கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போனது.

"உன் பொண்டாட்டி திரும்பிப் பார்ப்பா, இல்ல?"

அவர் எப்போது 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. பார்க்க மாட்டாள் என்றேன். மற்ற நாட்களில் ஒவ்வொரு வளைவிலும் கேட்பாள், நான் இழுப்பேன். இன்றைக்குக் கேட்க மாட்டாள். ஏன் என்று அவர் கேட்டார். சொன்னேன். நெஞ்சுக்குத் தண்ணீர் வந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? காலையில் அவள் கேட்டது, நான் ஹெல்மெட் துடைத்தது, ரேடியோவில் கேட்டது, வண்டி விழுந்தது, நான் இழுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். கலங்கரை விளக்கம் வரை அவள் ரேடியோவைத் தொட மாட்டாள் என்றும் சொன்னேன். அழுதுகொண்டு போவாள் என்று நான் நினைத்தேன். என்னால் அழுகிறாளே என்று, அந்த நிலைமையிலும் எனக்கு நெஞ்சைப் பிசைந்தது.

அடுத்த அலை போகும் வரை இலோன்கா அம்மாள் என் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். பிறகு கேட்டார்.

"உன் நெஜ பதில் என்ன?"

"இல்லைங்கறதுதான்."

"அத காலையிலயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. இருமி முடித்ததும் அவர் என் காதோரம் குனிந்து, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி உத்தரவு போட்டார். அவள் வந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்ல வேண்டும். கால் வலிக்கிறது என்பதையெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சத்தியம் செய்யச் சொன்னார், செய்தேன்.

அதற்குப் பிறகு பேச முடியவில்லை. அலைகள் முகத்துக்கு வர ஆரம்பித்தன. ஒவ்வொரு அலையும் வருவதை அவர்தான் பார்த்துச் சொன்னார். இப்ப மூச்சைப் பிடி என்பார், என் மூக்கைப் பொத்துவார், தண்ணீர் எங்கள் இருவர் மேலும் ஏறிப் போகும், திரும்பும். விடு என்பார். நான் விடுவேன். இரண்டு தடவை அலை அவரையே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தப்பினார். போய்விடுங்கள் என்று நான் கெஞ்சினேன். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அதையும் நான் சுமக்க வேண்டுமா என்று கோபமாகவே கேட்டேன். நீ சுமக்க மாட்டாய், நீ செத்திருப்பாய் என்றார். அதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்?

எனக்குப் பயமாக இருந்தது. சாவதற்கு எல்லோரும்தான் பயப்படுவார்கள், அது வேறு. நான் 'ஆமாம்' என்று சொன்னவனாகவே சாகப் போகிறேனே என்பதுதான் என்னை வாட்டியது. நாளைக்கு என் உடம்பை எடுத்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். கடைசியாக என்னிடம் முடிச்சுக்கலாமா என்று கேட்டேன், ஆமாம் என்றான் என்றுதான் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். இல்லை என்ற அந்த ஒரு வார்த்தைக்காக நான் கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்கினேன்.

ஒரு அலை போய், அடுத்தது வருவதற்குள், மேலே வெளிச்சம் தெரிந்தது. இலோன்கா அம்மாள் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினார். அவருடைய மொழியில் என்ன சொன்னார் என்று தெரியாது. ஸ்வாவாவின் குரல் என் பெயரைச் சொல்லிக்கொண்டே இறங்கி வந்தது. பின்னாலேயே இரண்டு டச்சுக்காரர்கள்.

என்னைப் பார்த்ததும் அவள் கத்தவுமில்லை, அழவுமில்லை. ஒரே பார்வையில் வண்டி, கால், தண்ணீர் எல்லாவற்றையும் அளந்தாள். மீட்புக் குழுவுக்குச் சொல்லியாயிற்று என்று சொல்லிக்கொண்டே மேலே ஓடினாள். தன் பைக்கைத் தடத்தின் விளிம்பில் நிறுத்தி, வின்ச் கம்பியை இழுத்துக்கொண்டு வந்து, கவிழ்ந்த வண்டியில் கொக்கியை மாட்டினாள். டச்சுக்காரர்கள் என் அக்குளுக்குள் கையைக் கொடுத்தார்கள். அலை என்னை மூடியது. தண்ணீருக்கு அடியிலேயே கம்பி முறுக்கேறுகிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு சாண் உயர்ந்தது. அவர்கள் இழுத்த இழுப்பில் நான் போட்ட கூச்சல் எனக்கே அந்நியமாக இருந்தது. பிறகு பாறை, பாசி, தடம் என்று ஒவ்வொன்றாக நகர்ந்துபோய், மேலே வெள்ளையாக ஆகாயம் மட்டும் நின்றது.

என்னைத் தடத்தில் கிடத்தி, கைக்குக் கிடைத்த உடுப்பையெல்லாம் மேலே போட்டார்கள். டச்சுக்காரர்கள் இலோன்கா அம்மாளுக்குச் சூடாகக் காபி ஊற்றிக் கொடுக்கக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்கள். போகும்போது அவர் திரும்பி என்னைப் பார்த்து, வாயைத் திறந்து பேசு என்று கையால் சைகை காட்டினார்.

ஸ்வாவா என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என் கைகளைத் தேய்த்தாள். நான் வாயைத் திறந்தேன். தாடை நடுங்கியதில் வார்த்தை உடனே வரவில்லை. அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"நான் பாடிக்கிட்டே போனேன், ஊல்வர்."

எனக்குப் புரியவில்லை.

"நீ ஆமான்னதும் எனக்கு அழுகை வரும்னு நெனச்சேன். வரல. நிம்மதியா இருந்துச்சு. மைக்கை அணைச்சுட்டுப் பாடிக்கிட்டே போனேன். அதனாலதான் திரும்பிப் பார்க்கல. அங்க போய் இறங்கி விளக்குகள எண்ணறப்பதான், ரெண்டு கொறையுதுன்னு தெரிஞ்சுது. நீ இங்க தண்ணிக்குள்ள கெடக்க, நான் பாடிக்கிட்டு இருந்திருக்கேன். என்னை மன்னிச்சுடு."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அவளோடு வாழ்வதில் இருக்கிற கஷ்டமே அதுதான். எனக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? நான் செத்துக்கொண்டிருந்தேன், இவள் பாடிக்கொண்டிருந்தாள். ஆனால் கோபம் நிலைக்கவில்லை. அவள் பாடுவாள் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அக்கா வீட்டு நிலவறைக்குப் போனதிலிருந்து அவள் ஒரு நாள்கூடப் பாடி நான் கேட்கவில்லை. பாடுகிறாளா இல்லையா என்று நான் கவனித்ததும் இல்லை.

தூரத்தில் மீட்புக் குழுவின் வண்டிச் சத்தம் கேட்டது. கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.  என் உடைந்த ரேடியோவைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். நெஜத்தைச் சொல்லு. நீ ரேடியோவுல ஆமான்னியே, அதுக்கு முன்னாடி வண்டி விழுந்துச்சா, பின்னாடி விழுந்துச்சா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"முன்னாடின்னா, அது பதில் இல்ல, வலி. முன்னாடின்னு சொல்லு, நான் எங்கயும் போகல. நான் பாடினதையும் மறந்துடு. உன்கூடவே இருக்கேன்."

சொன்னதைச் செய்வாள். எனக்கு அதில் ஒரு துளி சந்தேகம் இல்லை. காலம் முழுக்க இருப்பாள். நான் காலை ஊன்றி நடக்கப் பழகும்போது தாங்கிப் பிடித்துக்கொண்டு இருப்பாள், அந்த நிலவறையில் என் எதிரே உட்கார்ந்து காபி குடிப்பாள், நான் சரியாகப் பேசவில்லை என்றாலும் இனிமேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு வார்த்தை சொல்வதுதான். அதுவும் உண்மையான வார்த்தை.

"பின்னாடி," என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா, நம்ப ஆசைப்பட்டாளா, எனக்குத் தெரியாது. பிறகு குனிந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவள் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். அவ்வளவு நாளும் அந்தத் தோள்கள் ஏறியே இருந்திருக்கின்றன.

மீட்புக் குழுவில் வந்தவன் கெஸ்தூர், எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரன். என்னை வண்டியில் ஏற்றிவிட்டு, ஸ்வாவாவைப் பார்த்து ஏறு என்றான். அவள் மற்ற பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நீ கிளம்பு என்று நான் அவனிடம் சொன்னேன். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். அவளுக்குப் பதிலாக, குளிரில் உதடு நீலமாகியிருந்த இலோன்கா அம்மாளை என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

வண்டி நகர்ந்ததும் அவர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்மா."

"என்ன சொன்னா?"

"ரொம்ப சந்தோஷப்பட்டா," என்றேன்.

"பாத்தியா, இவ்வளவுதான் விஷயம்," என்று சொல்லிவிட்டு, அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கையை விடவில்லை. ஆஸ்பத்திரி வரும் வரை சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன்.